கண் வண்டியின் ஈர வாசல்

வேம்புவின் அப்பா நல்லுசாமி பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் பூட்ஸை மட்டும் விடவில்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே அதை மாட்டிக்கொள்வார். சித்திரை வெயிலில் கூடக் கழற்ற மாட்டார். "தூங்கும்போதாவது கழட்டுறாரே, அதுவே பெரிசு" என்பாள் அம்மா.

பட்டாளத்தில் அவர் லாரி ஓட்டியவர். வண்டி வேலையோடு கொஞ்சம் கரண்டு வேலையும் அங்கே கற்றிருந்தார். அதனால்தான் திருச்சியிலிருந்து வந்த கண் டாக்டர் ஜெகதாம்பாள் அவரைத் தேடிப் பிடித்தார்.

டாக்டரம்மாவிடம் ஒரு பழைய பட்டாளத்து வேன் இருந்தது. உலகச் சண்டை முடிந்ததும் அரசாங்கம் விற்ற வேன்களில் அதுவும் ஒன்று. அதை ஊர் ஊராக ஓட்டிப் போய், கண்ணில் புரை விழுந்தவர்களுக்கு வண்டிக்குள்ளேயே ஆபரேஷன் செய்ய வேண்டும். ராத்திரி அதிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியும் அதுதான், வீடும் அதுதான்.

"எந்த ஊர்ல கரண்டு இருக்கோ, அங்க ஒரு நீள வயரை இழுத்து வண்டியில மாட்டணும். உள்ள விளக்கு எரியணும், ஃபேன் சுத்தணும், கத்தி கத்தரியெல்லாம் கொதிக்க வைக்க அடுப்பு எரியணும். செய்ய முடியுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"செஞ்சுடலாங்க" என்றார் நல்லுசாமி.

பெரம்பலூரில் அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அந்த வேலை நடந்தது. வண்டியின் பின்பக்கத் தகரத்தில் ஓட்டை போட்டு, வெளி வயரை மாட்ட ஓர் இடம் வைத்தார் அப்பா. அங்கிருந்து உள்ளே வயர் ஓடி மூன்று ப்ளக் பாயிண்டுகளுக்குப் போனது. வேம்புவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் லீவு. ஆணி எடுத்துக் கொடுப்பதும், வயரின் முனையைப் பிடித்துக்கொள்வதும் அவள் வேலை.

தகரத்து ஓட்டை வழியாக வயர் போகும் இடத்தில் எல்லாம் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். தகரத்தின் கூர் வயரை அறுத்துவிடாமல் அது காக்கும். கடைசி ஓட்டைக்கு வந்தபோது வளையம் ஒன்று குறைந்தது.

"பரவாயில்ல, திருச்சிக்குப் போறப்ப வாங்கிப் போட்டுக்கலாம்" என்ற அப்பா, வேம்புவின் கிழிந்த பாவாடையில் ஒரு கீற்றைக் கிழித்து வயர் மேல் சுற்றிவிட்டார். பச்சை நிறத்தில் மஞ்சள் பூப்போட்ட பாவாடை. கண் வண்டிக்குள் தன் பாவாடையும் இருக்கிறது என்று வேம்புவுக்கு ஒரே பெருமை.

அவர்கள் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் மாட்டிய பிறகும் எதையும் போட்டுப் பார்க்க முடியவில்லை.

அரியலூருக்குப் புறப்பட்ட அன்று வேம்புவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். கைக்குழந்தையோடு அம்மா வரமுடியாது. அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே.

"எந்த ஊர்ல இருந்தாலும் வாசல் தெளிக்காம இருக்காத. வண்டியா இருந்தாலும் அது வூடுதான்" என்று சொல்லி, ஒரு டப்பா நிறையக் கோலப்பொடி கொடுத்து அனுப்பினாள் அம்மா.

வழியெல்லாம் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. வண்டி குலுங்கிய குலுக்கலில் டாக்டரம்மாவின் கொண்டை இரண்டு தடவை அவிழ்ந்து போயிற்று.

அரியலூரில் அரங்கநாதன் என்பவருடைய நெல் மில் இருந்தது. அங்கே கரண்டு உண்டு. மில் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்த அவர் சம்மதித்திருந்தார். அப்பா நீள வயரை மோட்டார் அறைக்குள் இழுத்துப் போனார்.

வயரில் மூன்று இழைகள் இருந்தன. மில் சுவரிலிருந்த பாயிண்டிலோ இரண்டு ஓட்டைகள்தான்.

"மூணாவது இழை எதுக்குப்பா?" என்று கேட்டாள் வேம்பு.

"அது காவலுக்கு. வேலை செய்யறதெல்லாம் இந்த ரெண்டும்தான்" என்ற அப்பா, மூன்றாவதை மடக்கி நூலால் கட்டி வைத்தார். "இந்த ரூம் பக்கமே நீ வரக்கூடாது. கரண்டு ஆளைப் புடிச்சா லேசுல விடாது. தெரியுதா?"

வேம்பு தலையாட்டினாள்.

வண்டிக்குள் விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சூரியனையே அவர்தான் மாட்டி வைத்தது போல நின்றார்.

மில்லில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். பெயர் வைரக்கண்ணு. பெயரில் வைரம் இருந்தது, கண்ணில் புரை இருந்தது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். ஆனால் மில்லின் ஒவ்வொரு தூணும் அவர் கைக்குப் பழக்கம். சாயங்காலம் வேலை முடிந்ததும் மோட்டார் அறையில் பெரிய கட்டைக் கைப்பிடியை இழுத்து மில்லின் கரண்டையே நிறுத்துவது அவர்தான். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா செய்யப் போகும் முதல் ஆபரேஷன் அவருக்குத்தான்.

தெருக்குழாயடிக்கும் டீக்கடைக்கும் வேம்பு அவர் கையைப் பிடித்து அழைத்துப் போவாள். இருவரும் சீக்கிரமே சிநேகமாகிவிட்டார்கள்.

"இன்னைக்கு என்னா கோலம் போட்ட?" என்று கேட்பார்.

"தாமரைங்க மாமா. எட்டு இதழ்."

"எட்டா? பேஷ். எங்க வூட்ல நாலுக்கு மேல போட மாட்டாங்க."

உண்மையில் அன்றைக்கு ஏழு இதழ்தான் இருந்தது. கோலப்பொடியை மிச்சம் பிடிக்க ஓர் இதழை வேம்பு விட்டுவிட்டாள். அவருக்குத்தான் தெரியாதே என்று எட்டாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். வைரக்கண்ணு மாமா தினமும் நம்பினார்.

ஒருநாள் விடிகிற நேரம். மில் அதற்குள் 'தடதட'வென்று ஓட ஆரம்பித்திருந்தது. வேம்பு வண்டி வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, நிமிரும்போது ஏறுபடியின் இரும்புக் கம்பியைப் பிடித்தாள்.

சுருக்கென்று விரலிலிருந்து முழங்கை வரை ஏதோ ஓடியது. கையை உதறினாள். எறும்பா என்று பார்த்தாள். எறும்பு இல்லை.

அப்பாவிடம் ஓடினாள். "அப்பா, வண்டி கடிக்குது."

அப்பா வந்தார். கம்பியைப் பிடித்தார். தகரத்தைத் தட்டினார். உள்ளங்கையை நன்றாக வைத்து அழுத்தினார். "ஒண்ணுமில்லையே. தூக்கக் கலக்கத்துல எங்கேயாச்சும் இடிச்சிருப்ப."

டாக்டரம்மா செருப்புச் சத்தம் கேட்க இறங்கி வந்தார். அவரும் கம்பியைத் தொட்டார். "எனக்கும் ஒண்ணும் தெரியலையே கண்ணு. வயித்துல பசியா இருக்கும். முதல்ல கஞ்சியைக் குடி."

வயிற்றில் பசித்தால் விரல் ஏன் சுருக்கென்கிறது என்று வேம்புவுக்கு விளங்கவில்லை. ஆனால் இரண்டு பெரியவர்கள் இல்லை என்று சொன்ன பிறகு என்ன பேசுவது?

அதன் பிறகு அவள் வண்டியைத் தொடவே இல்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை தயிர்க்காரி புஷ்பவல்லி வந்தாள். டாக்டரம்மாவுக்குத் தயிர் ஊற்றுவதற்காகப் படியில் ஒரு கையை வைத்தவள், "அடியாத்தே" என்று பின்னால் துள்ளினாள். பானை தப்பியது, தயிர் பாதி தப்பவில்லை.

மத்தியானம் அதே படியில் ஒரு விவசாயி ஏறி வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போனார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேம்பு யோசித்தாள். எனக்குக் காலையில். புஷ்பவல்லி அக்காவுக்கும் காலையில். மத்தியானம் யாருக்கும் இல்லை. காலைக்கும் மத்தியானத்துக்கும் என்ன வித்தியாசம்?

மண்ணைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. காலையில் அது ஈரம். ஈரமாக்கியது வேறு யாரும் இல்லை, அவளேதான்.

அப்படியானால் அப்பா காலையில் ஈரத்தில்தானே நின்றார், அவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

அப்போது அப்பா வண்டிக்கு அந்தப் பக்கம் நடந்து போகும் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

பூட்ஸ்.

டாக்டரம்மாவுக்குச் செருப்பு. வேம்புவுக்கும் புஷ்பவல்லி அக்காவுக்கும் வெறுங்கால். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்களைத்தான் வண்டி கடிக்கிறது. அவள் யார் யாரிடம் சொன்னாளோ, அவர்கள் இருவருக்கும் அது தெரியவே தெரியாது.

வேம்பு மில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வைரக்கண்ணு மாமா செருப்பே போடுவதில்லை. கண் தெரியாததால் எதைப் பிடித்தாலும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக அவர்தான் அந்தக் கம்பியைப் பிடித்து ஏறப் போகிறார். கரண்டு ஆளைப் பிடித்தால் லேசில் விடாது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் மறுபடியும் அப்பாவிடம் போனாள். "அப்பா, நீ பூட்ஸ் போட்டிருக்கறதால உனக்குத் தெரியல. ஈரத்துல நின்னாதான்…"

"வேம்பு." அப்பாவின் குரல் கொஞ்சம் கடுமையானது. "நானே பார்த்துப் பார்த்துப் போட்ட வயரு. நீ இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா டாக்டரம்மா என்ன நெனைப்பாங்க? ஜனங்க வருவாங்களா?"

வேம்பு திரும்பி நடந்தாள். அப்பா பேரும் கெடக்கூடாது, வைரக்கண்ணு மாமாவுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது?

மாமா மில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேம்பு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க மாமா. அவங்க தொட்டா ஒண்ணும் இல்லையாம்."

வைரக்கண்ணு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எனக்குத்தான் எதுவுமே தெரியறதில்ல. நீ டீக்கடை வந்துடுச்சுன்னா வந்துடுச்சு. எட்டு இதழ்னா எட்டு இதழ். அடிக்குதுன்னு நீ சொன்னா அடிக்குதுதான்."

எட்டு இதழ் என்றதும் வேம்புவுக்குச் சுருக்கென்றது. இந்தச் சுருக்கு வண்டியிலிருந்து வரவில்லை.

"நாளைக்கு நான் தண்ணி தெளிக்க மாட்டேன் மாமா. காய்ஞ்ச பலகை ஒண்ணு போட்டு வைக்கறேன். நீங்க பலகை மேல ஏறி நின்னுட்டுத்தான் கம்பியைத் தொடணும். நான் வந்து கூட்டிப் போற வரைக்கும் இங்கேயிருந்து எழுந்திருக்கக் கூடாது."

"உத்தரவு" என்றார் வைரக்கண்ணு.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மா சொல்லை முதல்முறையாக மீறி வேம்பு வாசல் தெளிக்கவில்லை. கோலமும் இல்லை. மில்லிலிருந்து ஒரு பலகையை இழுத்து வந்து படிக்குக் கீழே போட்டாள். மண் காய்ந்திருந்தது. பலகையும் காய்ந்திருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்பா மருந்துப் பெட்டி வாங்க ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். டாக்டரம்மா வண்டிக்குள் வாயில் துணி கட்டிக்கொண்டு கத்தி கத்தரிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தெருக்கோடியில் குலவைச் சத்தம் கேட்டது.

புஷ்பவல்லி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குடம். குடத்தில் மஞ்சள் தண்ணீர், அதன் வாயில் வேப்பிலைக் கொத்து.

"என்னாக்கா இது?" என்று ஓடினாள் வேம்பு.

"உனக்குத் தெரியாதா பாப்பா? அந்த வண்டியில ஆத்தா எறங்கியிருக்கா. நேத்து நான் தொட்டப்ப என் மேல அப்படியே ஏறுச்சு பாரு, ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. கண்ணைக் குடுக்கற வண்டியில கண்ணுடையாள் இல்லாம வேற யாரு இருப்பா? சித்திரை வெயில்ல ஆத்தா கொதிச்சுப் போயிருக்கா. குளுரக் குளுர ஊத்தி, தொட்டுக் கும்புட்டாத்தான் ஆபரேஷன் நல்லா நடக்கும்."

அவள் ஒரு கை தண்ணீருக்கே பயந்து பலகை போட்டு வைத்திருக்கிறாள். இங்கே குடம் குடமாக வருகிறது. ஊற்றிவிட்டு, அந்த ஈரத்திலேயே வெறுங்காலோடு நின்று, எல்லாரும் சேர்ந்து வண்டியைத் தொடப் போகிறார்கள்.

"ஊத்தாதீங்கக்கா. அது ஆத்தா இல்ல, கரண்டு."

"சாமி காரியத்துல குறுக்க நிக்காத பாப்பா" என்று அவள் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்திவிட்டாள் புஷ்பவல்லி.

"டாக்டரம்மா" என்று கத்தினாள் வேம்பு. மில் சத்தமும் குலவைச் சத்தமும் அவள் குரலை விழுங்கிவிட்டன. முதல் குடம் வண்டியின் தகரத்தில் சளாரென்று விழுந்தது. மஞ்சள் தண்ணீர் வழிந்து இறங்கிப் பலகையை நனைத்தது. மண் சேறானது.

இரண்டாவது, மூன்றாவது என்று குடங்கள் அடுத்தடுத்து விழுந்தன. பெண்கள் வரிசையாக நெருங்கினார்கள். குடங்கள் காலியான பிறகுதான் தொட்டுக் கும்பிடுவார்கள். இன்னும் சில குடங்களே பாக்கி.

ப்ளக்கைப் பிடுங்கலாமா? தெறித்த தண்ணீரில் நனைந்த கையோடு அந்த அறைக்குள் போகவே கூடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் மில்லுக்குள் ஓடினாள். வைரக்கண்ணு, சொன்ன சொல் தவறாமல், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்தக் கட்டைக் கைப்பிடி. சாயங்காலம் இழுப்பீங்களே, அதை இப்ப இழுங்க. வண்டி மேல தண்ணி ஊத்திட்டாங்க, எல்லாரும் தொடப் போறாங்க."

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. முதலாளி திட்டுவாரே என்றும் சொல்லவில்லை. எழுந்தார். தூணைத் தடவினார், சுவரைத் தடவினார், மோட்டார் அறைக்குள் போனார். வேம்பு கதவுக்கு வெளியிலேயே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டக்.

மில் நின்றது. பெல்ட்டுகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. நெல் விழும் சத்தம் நின்றது. இத்தனை நாளாக ஓயாமல் கேட்ட தடதடப்பு நின்றதும் ஊரே ஊமையானது போல இருந்தது. வெளியே குலவைச் சத்தமும் பாதியில் அறுந்தது.

வேம்பு வெளியே ஓடி வந்தாள். புஷ்பவல்லியின் இரண்டு உள்ளங்கைகளும் வண்டியின் ஈரத் தகரத்தின் மேல் பதிந்திருந்தன.

புஷ்பவல்லி கண்ணைத் திறந்தாள். கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். முகம் வாடிப் போயிற்று.

"ஒண்ணுமே ஏறலையே. ஆத்தா மலையேறிட்டா போலிருக்கே."

வேம்புவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகைதான் முந்திக்கொண்டது.

உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "விளக்கு ஏன் அணைஞ்சுது?" மில்லுக்குள்ளிருந்து முதலாளி அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எவன்டா மில்லை நிறுத்தினது?"

"நான்தாங்க" என்றார் வைரக்கண்ணு.

"நான்தாங்க நிறுத்தச் சொன்னேன்" என்றாள் வேம்பு.

அப்பாவும் அந்த நேரத்தில் மருந்துப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வேம்பு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஈர மண், வெறுங்கால், பூட்ஸ், செருப்பு, குடம். இந்தத் தடவை ஒருவரும் அவளை நிறுத்தவில்லை.

அப்பா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவின் செருப்பைப் பார்த்தார். டாக்டரம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா டாக்டரம்மாவை வண்டியிலிருந்து இறக்கினார். எல்லாரையும் தெருவின் அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். ஒரு பல்பை எடுத்து அதில் இரண்டு வயர் கட்டினார். ஒரு வயரை வண்டித் தகரத்தில் முடுக்கினார். இன்னொன்றை இரும்பு ஆணியில் சுற்றி ஈர மண்ணில் அடித்தார். பிறகு அவரும் விலகி வந்து, "இப்ப கைப்பிடியைத் தூக்குங்க" என்று மோட்டார் அறைக்குத் திரும்பியிருந்த வைரக்கண்ணுவுக்குக் குரல் கொடுத்தார்.

மில் மறுபடி தடதடத்தது. பல்புக்குள் கம்பி சிவந்தது. பட்டப்பகலில், வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவில், ஒரு பல்பு எரிந்துகொண்டு நின்றது.

"நிறுத்துங்க" என்றார் அப்பா. அவர் குரல் நடுங்கியதை வேம்பு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

பின்பக்கத் தகரத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ரப்பர் வளையம் இல்லாத ஓட்டையில், பச்சைப் பாவாடைத் துணி கந்தலாகித் தொங்கியது. ரோட்டில் குலுங்கிய குலுக்கலில் தகரம் துணியை அறுத்து, வயரின் உறையையும் அறுத்திருந்தது. உள்ளேயிருந்த செம்பு பளபளத்தது. மஞ்சள் தண்ணீர் வேறு உள்ளே இறங்கியிருந்தது.

அப்பா அந்தக் கந்தலைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். "என் தப்புதாங்க. வளையம் வாங்காம துணியைச் சுத்தினேன். காவல் வயரையும் மடக்கி வெச்சேன். அதுக்கு மேல, எம்பொண்ணு ரெண்டு தடவை சொல்லியும் கேக்கல."

வேம்பு டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவாரோ?

"எங்கிட்டயும் ஒரு தடவை சொன்னா. நான் கஞ்சி குடிக்கச் சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும் நல்லுசாமி?" என்று கேட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேங்க."

"முடிங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

அரங்கநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மோட்டார்ல மாட்டற ரப்பர் வளையம் மில்லுல கெடக்கு. எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, யாரையும் திட்ட மறந்து போனவராக உள்ளே போனார்.

அன்று முழுவதும் அப்பா வேலை செய்தார். அறுந்த வயரை மாற்றினார். ஓட்டைகள் எல்லாவற்றிலும் வளையம் இருக்கிறதா என்று வேம்புவையே பார்க்கச் சொன்னார். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டார். வண்டித் தகரத்திலிருந்து வரும் காவல் வயரின் மடக்கி வைத்திருந்த முனையை அவிழ்த்து, வெளியே இழுத்து வந்து, அந்தக் குழாயோடு முறுக்கிக் கட்டினார்.

"இனிமே எங்கேயாச்சும் வயரு அறுந்தாலும் கரண்டு மனுசனைத் தேடி வராது. இது வழியா மண்ணுக்குள்ள ஓடிடும்" என்றார். "ஆனா ஒண்ணு. இந்தக் குழி காயவே கூடாது. தெனமும் யாராச்சும் தண்ணி ஊத்தணும்."

"அதுக்கு ஆள் இருக்கு" என்றாள் வேம்பு.

மறுநாள் விடிந்தது. வேம்பு வாசல் தெளித்தாள். குழிக்கும் ஊற்றினாள். அப்பா பல்பை வைத்துப் பார்த்தார். மில் ஓடியது, பல்பு எரியவில்லை. பிறகு அவர் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு கயிறாக அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றினார்.

வெயில் படாத அவர் பாதங்கள் வெளுத்துப் போயிருந்தன. அந்தப் பாதங்களோடு ஈர மண்ணில் இறங்கி நின்றார். வேம்பு கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா இரண்டு கையாலும் இரும்புக் கம்பியைப் பிடித்தார்.

"கண்ணைத் தொற வேம்பு. ஒண்ணுமில்ல" என்றார் சிரித்துக்கொண்டே. "இப்ப நெசமாவே ஒண்ணுமில்ல."

அதன் பிறகுதான் வேம்பு போய் வைரக்கண்ணு மாமாவைக் கூட்டி வந்தாள். அவர் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, கம்பியை இறுக்கிப் பிடித்து, வண்டிக்குள் ஏறினார்.

கட்டு அவிழ்க்கும் நாள் வரை அவர் அசையாமல் படுத்திருந்தார். வேம்புதான் வாயில் கஞ்சி ஊட்டினாள். புஷ்பவல்லி தயிர் கொண்டு வந்தாள். வரும்போதெல்லாம் வண்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள். "ஆத்தா இருந்தப்பவே ஒரு வேண்டுதல் வெச்சிருக்கலாம்" என்று வருத்தப்படுவாள்.

கட்டு அவிழ்ந்த காலையில் எல்லாரும் வாசலில் கூடினார்கள். டாக்டரம்மா தடித்த கண்ணாடி ஒன்றை மாமாவின் மூக்கில் மாட்டிவிட்டார். கண்ணாடிக்குள் அவர் கண் பெரிய நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அந்தக் கண் மெல்லச் சுற்றியது. டாக்டரம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, கீழே வந்து வேம்புவிடம் நின்றது.

"நீதானா பாப்பா அது" என்றார். "கொரலை வெச்சு இன்னும் கொஞ்சம் உசரமா இருப்பேன்னு நெனைச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வேம்பு அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே கையை விலக்கி, தானே படியிறங்கினார். இரும்புக் குழாயின் பக்கம் நடந்தார். அதைச் சுற்றி, ஈர மண்ணில், அன்று காலை வேம்பு போட்ட தாமரை பளிச்சென்று இருந்தது.

மாமா குனிந்தார். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். வேம்புவின் காது சூடானது.

"ஏன் பாப்பா, ஏழுதானே இருக்கு?"

வேம்பு ஓடிப் போய் டப்பாவைக் கொண்டு வந்து கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த கடைசிப் பொடியைச் சுரண்டி எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டாவது இதழைப் போட்டு முடித்தாள்.